அக்காவின் முயலும் நான் பேசிய கேசட்டுகளும்

எங்கள் வீட்டு முயலின் பின்பக்கத்தை நாள் தவறாமல் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். குவைத்துக்குப் புறப்பட்டபோது அக்கா என்னிடம் விட்டுப்போன வேலை அது ஒன்றுதான். சமையலை அம்மா பார்த்துக்கொண்டாள். ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிப்பதும் விறகு பொறுக்குவதும் நான் ஏற்கெனவே செய்துவந்த வேலைகள். புதிதாக என் தலையில் விழுந்தது முயல் மட்டும். அதைத்தான் நான் செய்யவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கஹவத்தையில் பஸ் ஏறி, ரப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் இறங்கினால் எங்கள் தோட்டம். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். என்னைவிட ஏழு வயது மூத்த அக்கா, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பெரிய துரையின் பங்களாவில் வேலைக்கு நின்றாள். நான் ஏ.எல். பரீட்சை எழுத வேண்டும் என்பதில் என்னைவிட அவளுக்குத்தான் பிடிவாதம் அதிகம்.

துரை வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனபோது, அவர் மனைவி துரைசாணி தன் மகள் வளர்த்த முயலை அக்காவிடம் கொடுத்துவிட்டார். பங்களாவில் அதைப் பார்த்துக்கொண்டவளும் அக்காதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அதுவரை கறிக்கு வளர்க்கும் முயல்களைத்தான் பார்த்திருந்தார்கள். இதுவோ வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்கு முடி வளர்ந்து, உட்கார்ந்தால் கால்கூடத் தெரியாமல் பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது.

"எப்ப அடிக்கப் போறீங்க? ஒரு துண்டு குடுங்க" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

"ஒங்க வீட்டு நாய எப்ப அடிக்கிறீங்களோ, அன்னிக்கு இதையும் அடிப்போம் மாமா" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அந்த முடிதான் அதற்கு அழகு. தொல்லையும் அதுதான். குட்டை முடி முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். இதனால் அது முடியாது. வால் அடியிலும் தொடையிலும் முடி சிக்குப் பிடித்து, அதில் புழுக்கை ஒட்டி, மூத்திரம் ஊறி, கவனிக்காமல் விட்டால் இரண்டு நாளில் கெட்டியான அடை மாதிரி ஆகிவிடும். அதனால் அக்கா வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, வாசற்படியில் மடியில் பழைய துவாயை விரித்து முயலைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

தூக்குவதிலேயே அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்தொடைக்கு அடியில். பின்பக்கம் அந்தரத்தில் தொங்கினால் முயல் பயந்து உதைக்கும், அந்த உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம் என்பாள். மல்லாக்கப் போடவே மாட்டாள். தன் வயிற்றோடு அதைச் சாய்த்து, பின்பக்கத்தை மட்டும் சற்றே தூக்கிப் பார்ப்பாள். காய்ந்து ஒட்டியிருப்பதன் மேல் கோன் ஃப்ளவர் என்ற சோள மாவைத் தூவி விரல் நுனியால் நிமிண்டுவாள். அது பொடிப்பொடியாக உதிரும். ஈரமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுத்து, உடனே காய்ந்த துணியால் துடைப்பாள். முயலைத் தண்ணீருக்குள் இறக்கிக் குளிப்பாட்டக் கூடாது. பயத்திலும் குளிரிலும் செத்துப்போகும் என்று பங்களாவில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சிக்கு விழுந்த முடியை மட்டும், சிக்குக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சீப்பைக் கொடுத்துவிட்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டுவாள்.

"முயலுத் தோலு கடதாசி மாதிரி. முடிய இழுத்தா தோலும் கூடவே வரும். எது முடி, எது தோலுன்னு கத்திரிக்குத் தெரியாது. சீப்பு இல்லாம வெட்டவே வெட்டாத."

எனக்கு அப்போது பதினேழு வயது. அதைப் பார்த்தாலே குமட்டும். பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பேன். அக்கா சிரிப்பாள். "ஒனக்கும் நாந்தான் கழுவிவிட்டேன், அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன நேரமெல்லாம். அப்ப நா மூக்கப் புடிச்சேனா?"

அவள் குவைத்துக்குப் போக முடிவெடுத்தது என் படிப்புக்காகத்தான். என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. லயத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு பெண்கள் போயிருந்தார்கள், தானும் போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். போவதற்கு முந்தின வாரம் என் கையைப் பிடித்து முயலின் வாலுக்கு அடியில் வைத்துப் பழக்கினாள்.

"பாணு, ரொட்டி ஒன்னும் போடாத. புல்லும் முள்முருங்க எலையும் போதும். பாணு தின்னா இளகிப் போகும். இளகுனா ஒட்டும். மழ நாள்ல ரெண்டு வேள பாரு. ஈரத்துல ஈ வந்து முட்ட வச்சிரும், வெளங்குதா?"

"வெளங்குது, வெளங்குது" என்றேன். கையைக் கழுவுகிற அவசரம் எனக்கு.

முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லலாம். ஒழுங்காக என்றால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு டியூஷன் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு கஹவத்தையிலேயே வகுப்புக்குப் போய்விட்டு வீடு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். புல் அறுக்கப் போக நேரமில்லை. காலையில் மிஞ்சிய பாண் துண்டுகளைக் கூட்டுக்குள் போட்டேன். முயல் ஆசையாகத் தின்றது. அதற்குப் பிடித்திருக்கிறது, பிடித்ததைத்தானே கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா சொன்னது போலவே இளகியது. இளகியது முடியில் ஒட்டியது. கூடு என் படிப்பு மேசைக்கு நேரே, ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நாற்றம் தாங்காமல், அதைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, கூட்டைத் தூக்கிக்கொண்டு போய் லயத்தின் பின்பக்கம் வைத்தேன். பின்பக்கத்தில் பக்கத்து வீட்டு மாமாவின் மாட்டுப்பட்டி இருந்தது. ஈக்கள் எப்போதும் மொய்க்கும் இடம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். நான் யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பஸ்ஸுக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது, சிக்கை வெட்டிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். சீப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. என் தையல் கத்தரிக்கோல் கையில் இருந்தது. சிக்கை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து ஒரே வெட்டு. முயல் சத்தம் போடவில்லை. என் விரலில் வந்த முடிக்கட்டியோடு ஐந்து சத நாணயக் குற்றி அளவுக்கு இளஞ்சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. அது என்ன என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முயலின் தொடையில் அதே அளவுக்கு ஒரு திறப்பு. இரத்தம்கூட அதிகம் வரவில்லை. அது நடுங்கிக்கொண்டு என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது.

அம்மா ஓடிவந்து உப்புத் தண்ணீரால் துடைத்து, மஞ்சளை அரைத்துப் பூசினாள். காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. என் கைதான் ஆறவில்லை. கத்தரிக்கோலை எடுப்பேன், உடனே கீழே வைத்துவிடுவேன். அதன் பிறகு நான் வெட்டவேயில்லை. சிக்கு பெருகினால் முயலைப் பீலிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தைத் தண்ணீரில் காட்டிக் கழுவினேன். கண் பிதுங்க, உடம்பு விறைத்து, அது என் கையை இறுகப் பற்றிக்கொள்ளும். அந்த அடர்ந்த முடி ஒரு நாளெல்லாம் காயாது. ஈரத்தோடேயே கூட்டில் விடுவேன்.

அக்காவுக்கு எழுத்து தடுமாறும் என்பதால் கேசட்டில் பேசி அனுப்புவாள். லீவில் வருகிறவர்கள் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு டேப் ரேடியோவை வாங்கிவந்து போட்டு, நானும் அம்மாவும் காதை ஒட்டிவைத்துக்கொண்டு கேட்போம். அம்மாவின் இருமலைக் கேட்பாள், என் பரீட்சையைக் கேட்பாள், கடைசியில் குரலைத் தணித்து, "முயலுக்குப் பின்னால பாக்குறியா புள்ள? மழ தொடங்கியிருக்குமே அங்க" என்பாள்.

"பாக்குறேன்க்கா, தெனமும் பாக்குறேன்" என்று நானும் கேசட்டில் பேசி அனுப்பினேன். அருகில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா போய் ஆறாவது மாதம், அடைமழை. எனக்குத் தவணைப் பரீட்சை. மூன்று நாட்கள் முயல் பக்கம் போகவில்லை. தீனியை அம்மாதான் மலைக்குப் போகும் அவசரத்தில் கூட்டுக்குள் போட்டுவிட்டுப் போனாள். நான்காம் நாள் காலை அவள் பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"பாப்பா, நேத்து வச்ச எல அப்பிடியே கெடக்கு. மொயலு அசையாம ஒக்காந்திருக்கு. வந்து பாரு."

தூக்கினேன். கை ஈரமாயிற்று. நாற்றம் முகத்தில் அடித்தது. அக்கா பிடிப்பது போல் வயிற்றோடு சாய்த்து, முடியை விலக்கிப் பார்த்தேன். முடிக்கு அடியில் தோல் அசைந்துகொண்டிருந்தது. அசைந்தது தோல் இல்லை, புழுக்கள். வாலைச் சுற்றியும் தொடை இடுக்கிலும், நான் வெட்டிய தழும்பைச் சுற்றியும். சில உள்ளே போயிருந்தன. முயல் தலையை என் முழங்கையில் வைத்துக்கொண்டது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வலி வந்தால் முயல் அப்படிச் செய்யும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பரீட்சைக்குப் போகவில்லை. பிஸ்கட் பெட்டிக்குள் துணி விரித்து, அதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கஹவத்தையில் அரசாங்க மிருக வைத்தியர் இருந்தார். நடுத்தர வயதுச் சிங்களவர். பெட்டியைத் திறந்ததும் முகத்தைச் சுளிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, முடியை ஒதுக்கி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்.

"தெங் பரக்குயி நங்கி" என்றார். நேரம் கடந்துவிட்டது, தங்கச்சி.

ஈ முட்டையிட்டு ஒரு நாளிலேயே புழுவாகிவிடும் என்றும், முதல் நாளே பார்த்திருந்தால் முடியை மழித்து மருந்து போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. இனி வைத்திருந்தால் வேதனைதான், ஊசி போடட்டுமா என்று கேட்டார். போடுவதற்கு முன், சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும் என்பதால், "ஹாவா காகெத?" என்றார். முயல் யாருடையது?

"மகே" என்றேன். என்னுடையது. அக்காவுடையது என்று சொல்லியிருந்தால் அவளைக் கேட்டாயா என்று கேட்டிருப்பாரோ என்ற பயம்.

ஊசி போடும்போது அதன் காதைப் பிடித்திருந்தேன். மெல்லிய காது, கொதித்தது. பிறகு மெதுவாகச் சூடு இறங்கியது.

மரக்கறித் தோட்டத்து மூலையில் அம்மா குழி வெட்டினாள். மண்ணை மூடிவிட்டு மண்வெட்டியைக் கழுவும்போது, "இன்னிக்கே அக்காவுக்கு எழுது" என்றாள்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"நா சொல்ல மாட்டேன். ஒங்கிட்டதானே குடுத்திட்டுப் போனா."

உட்கார்ந்து எழுதினேன். "அன்புள்ள அக்காவுக்கு" என்பதற்கு மேல் ஓடவில்லை. தனியாக ஒரு நாட்டில், அந்நியர் வீட்டில் இருக்கிறவள், இதைக் கேட்டால் உடைந்துபோவாள். வந்த பிறகு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதி, அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்கிற பயம்.

அடுத்த கேசட்டிலும் அவள் கேட்டாள். நான் பதில் சொன்னேன். சும்மா "பாக்குறேன்" என்றால் நம்பமாட்டாள் என்று தோன்றியதால் விவரமாகச் சொன்னேன். "இன்னிக்குக் கொஞ்சம் இளகியிருந்துச்சுக்கா. மாவு தூவி உதிர்த்துவிட்டேன். எடது தொடையில ஒரு சிக்கு, சீப்பு குடுத்து வெட்டினேன். அதுபாட்டுக்கு ஒக்காந்திருந்துச்சு." ஒவ்வொரு கேசட்டிலும் இப்படி ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீர், பிழிந்த துணி, காய்ந்த துவாய் என்று அக்கா செய்த எல்லாவற்றையும் நான் செய்ததாகப் பேசினேன். உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூட அதை அவ்வளவு அக்கறையாக நான் பார்த்ததில்லை. செத்த பிறகு ஒன்றரை வருடம் நாள் தவறாமல் சுத்தமாக வைத்திருந்தேன். நான் பேசத் தொடங்கினால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அக்கா இரண்டு வருடம் முடித்து வந்தாள். வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு பகல் நேரம் பெட்டியோடு வாசலில் நின்றாள். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே, பழைய இடத்தைப் பார்த்தாள்.

"கூடு எங்க?"

"பின்னால" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அக்கா பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து குழந்தைக்குத் தலைவாரும் மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன். கூட்டுக்குள் அம்மா விறகு அடுக்கியிருந்தாள்.

அக்கா ஒரு விறகை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"செத்துப்போச்சுக்கா."

"எப்ப?"

"நீ போன ஆறாம் மாசம்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாண் போட்டது, கூட்டை மாற்றியது, தோலை வெட்டியது, பீலியில் கழுவியது, மூன்று நாள் பார்க்காமல் விட்டது, புழு, வைத்தியர். ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்ப கேசட்டுல பேசினதெல்லாம்?"

"பொய்க்கா."

விறகின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிரஷ்ஷின் மயிரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவள் வேலை செய்த வீட்டில் ஒரு வயதான அம்மா படுத்த படுக்கையாக இருந்தாராம். பேச்சும் இல்லை. அவருக்கு ஒரு நாளில் நாலைந்து தடவை துடைத்து, கழுவி, துணி மாற்றி, புண் வராமல் புரட்டிப்போடுவதுதான் அக்காவின் வேலை. இரண்டு வருடமும் அதுதான். வீட்டு வேலை, சமையல் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

"மொதல்ல என்னால முடியல. சோறு எறங்காது. அப்பறம் ஒன் கேசட்டு வந்துச்சு. சமையல் குசினியில ரேடியோ இருந்துச்சு. நீ பேசறதப் போட்டுப் போட்டுக் கேப்பேன். சின்னப் புள்ள, மூக்கப் புடிச்சிக்கிட்டு ஓடினவ, அவளே மொகம் சுளிக்காம செய்றா, எனக்கென்னன்னு நெனப்பேன். அந்தப் பெரியம்மாவ வெந்நித் துணியால தொடைக்கிறப்ப, இந்நேரம் எந்தங்கச்சியும் அங்க தொடச்சிக்கிட்டிருப்பா, ரெண்டு பேரும் ஒரே வேலதான் செய்றோம்னு நெனச்சுக்குவேன்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். "சரி, விடு" என்றாள். என்னைத் திட்டியிருந்தால், கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எந்திரி, ஈரத்துல ஒக்காராத" என்று சொல்லிவிட்டு, எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். காட்டினேன். அம்மா அங்கே போஞ்சி நட்டிருந்தாள். கொடி ஏறிக் காய்த்துக்கொண்டிருந்தது. அக்கா பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வீட்டில் அன்று அதே போஞ்சியைத்தான் ஆய்ந்து வைத்திருந்தோம். அவள் சாப்பிடவில்லை.

நான் ஏ.எல். தேறினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலேயே ஆசிரியையாக வேலை கிடைத்தது. நியமனக் கடிதம் வந்த அன்று லயத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தவள் அக்காதான். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அவள் கித்துல்கலப் பக்கம் ரப்பர் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். இரண்டு பிள்ளைகள். வருடப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் வருவார்கள். பிள்ளைகள் முயல் வேண்டும் என்று ஒருமுறை கேட்டபோது, "வேணாம்" என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு அம்மா வாதம் வந்து படுத்தாள். நான்தான் பார்த்துக்கொண்டேன். அதற்குள் எங்கள் இரண்டு பேர் கையிலும் கைத்தொலைபேசி வந்திருந்தது. தினமும் மாலையில் அக்கா போனில் கூப்பிடுவாள்.

"அம்மா எப்பிடி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்கக்கா. இன்னிக்கு நல்லாத் தின்னாங்க. முதுகுல புண்ணு ஒன்னும் இல்ல."

"நெசமா?"

"நெசமாத்தான்க்கா."

நான் சொன்னது உண்மைதான். அம்மாவை நான் ஒரு வேளை தவறாமல் துடைத்தேன், புரட்டினேன், உலர்த்தினேன். என்றாலும் வாரத்துக்கு ஒருமுறை, மூன்று பஸ் மாறி, மழையில் நனைந்துகொண்டு அக்கா வந்து நிற்பாள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வாள்.

"ஏன் இம்புட்டுத் தூரம் வார? அதான் தங்கச்சி போன்ல சொல்லுதுல்ல" என்பாள் அம்மா, குழறிய பேச்சில்.

"சும்மாதாம்மா வந்தேன்" என்பாள் அக்கா.

அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பிச் சட்டையை விலக்கி, முதுகை முழுவதும் பார்ப்பாள். நான் தேத்தண்ணி போடும் சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவேன். கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பார்த்து முடித்துவிட்டு அடுப்படிக்கு வருவாள். "நல்லாத்தான் வச்சிருக்க" என்பாள். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்வாள், அன்பாகத்தான் சொல்வாள். மறு வாரமும் பார்க்க வருவாள்.